கடைசியாக நின்ற கால்

குளத்தூர்
20 ஜனவரி 2025

நடுவில் நின்ற அக்காவுக்கு,

உங்கள் பெயர் மல்லிகா என்று ஜீப் ஓட்டும் ராஜன் அண்ணன் சொன்னார். என் பெயர் நீது. சிவப்புக் கம்பளிக் குல்லா போட்டிருந்தேன். உங்கள் வட்டத்தில் முதலில் வந்து சேர்ந்தது நான்தான். ஞாபகம் இருக்கும்.

உங்கள் மலைக்குடியில் போனுக்கு ரேஞ்ச் இல்லை. அதனால் தபால். சிபி சிரித்தான். "இந்தக் காலத்துல லெட்டர் எழுதுற ஒரே ஆளு நீயாக்கும்." சிபியை உங்களுக்குத் தெரியும். பனச்சமூட்டில் வேன் வைத்து மலைக்கு ஆள் கூட்டி வருகிறவன். என்னைக் கட்டப் போகிறவன். அவனுடைய புக்கிங் போன் என் கையில்தான். யார் கூப்பிட்டாலும் எடுப்பது நான்.

பள்ளியில் மலையாளம் படித்தேன். தமிழ் எழுதக் கற்றது வேதாகமத்தைப் பார்த்து. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நாங்கள் வந்தது எங்கள் சபையின் பாடகர் குழு. கிறிஸ்துமஸ் முழுக்கப் பாடித் தொண்டை போனதற்கு எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொண்ட பரிசு, மூன்று நாள் மலை. வண்டி அடிமாலி ஏறும் முன்பே அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். ஈசாக் மாமா சொன்னார்: "சரோஜம், பாதி மலய நீயே நனச்சாச்சு, இனி மழ வேண்டாம்." தேயிலைச் சரிவு. பிறகு யூகலிப்டஸ். பிறகு பூண்டு வயல், படிக்கட்டு போட்டதுபோல். பிறகு எதுவும் இல்லை, மூடுபனி மட்டும். உங்கள் ராஜன் அண்ணனின் ஜீப்பில் ஏறியதும் எல்லாரும் ஜெபிக்கத் தொடங்கிவிட்டோம். அட்டை கடித்ததை அறைக்கு வந்துதான் பார்த்தேன்.

ராகிக் களி எனக்குப் பிடித்தது. மற்றவர்களுக்கு இல்லை.

ஆனால் உங்கள் ஆட்டம். அதற்காகத்தான் எழுதுகிறேன். பயணத்தில் மற்றதெல்லாம் மறந்துவிடும். அந்த மேளம் மெதுவாகத் தொடங்கியது, யாரோ தூக்கத்தில் நடப்பதுபோல். சிபி முன்னால் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "கரெக்ட் டைம். தொடங்கியாச்சு." நான் நேரே வட்டத்துக்குள் வந்துவிட்டேன். ஒருவரும் தடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்துக் காலடி சொல்லிக் கொடுத்தார். எங்கள் ஊரில் யாரும் இப்படி அந்நியரைச் சேர்க்க மாட்டார்கள். பிறகு எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். அம்மா ஓரத்தில் நின்று கை சிவக்கத் தட்டினாள்.

அம்மாவை எல்லாரும் கேலி செய்ததையும் எழுதுகிறேன். நடுவில் பாயில் கிடந்ததைப் பார்த்து, "அது எந்தாணு, நெசமாட்டு பிள்ளயா?" என்று கேட்டுவிட்டாள். சிபி, "பொம்மயாக்கும் மாமி" என்றான். வீடு வரை அதைச் சொல்லிச் சிரித்தோம்.

அந்தப் பொம்மையை யார் செய்தார்கள்? துணி விலகியபோது குனிந்து முகத்தைப் படம் எடுத்தேன். கண்ணிமை முடிகூட வைத்திருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் குழந்தை இயேசு செய்கிறவர்களுக்கு இது வராது.

நாங்கள் "ஒன்ஸ் மோர்" கேட்டபோதெல்லாம் உங்கள் ஆட்கள் முகம் சுளிக்காமல் ஆடினார்கள். நீங்கள் மட்டும் ஆடவில்லை, சிரிக்கவும் இல்லை. அதுதான் உங்கள் வேஷம் என்றான் சிபி. அப்படியென்றால் நீங்கள் பெரிய கலைஞர்.

வீடியோவை எல்லாரும் பார்க்கும்படி போட்டிருக்கிறேன். ஊரே பார்க்கிறது.

அன்புடன்
நீது தேவகுமார்


நீலிவரைக்குடி
3 பிப்ரவரி 2025

நீதுவுக்கு,

அது பொம்மை இல்லை. என் மகன். பெயர் பொன்னன். நாலு வயது.

காய்ச்சல். அன்று விடியும்போது போனான்.

எங்களுக்குள் வழக்கம் இது. புதைக்கும் முன் சுற்றி ஆடுவோம். ஆட்டம் தானாக நிற்க வேண்டும். ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தாலும் பிள்ளையைத் தூக்கக் கூடாது. அதுவரை தாய் அழக் கூடாது. வட்டத்துக்குள் யார் வந்து சேர்ந்தாலும் வெளியே தள்ளக் கூடாது. அவர்கள் செத்தவனின் விருந்தாளிகள்.

எங்கள் ஆட்கள் ஓய்ந்துவிட்டார்கள். நீங்கள் ஓயவில்லை. நீங்கள் ஆடியதால் அவர்கள் மறுபடி ஆட வேண்டியிருந்தது. மூன்று முறை ஓய்ந்து மூன்று முறையும் எழுந்தார்கள். என் மாமனாருக்கு முட்டியில் வலி. அவரும் ஆடினார்.

மழை வந்தது. நீங்கள் மழையிலும் ஆடினீர்கள். குழியில் தண்ணீர் நின்றது. இலை வெட்டிப் போட்டு அதன்மேல் படுக்க வைத்தோம். இருட்டிவிட்டது. அவசரம். அழ நேரமில்லை.

சிபியிடம் ஊர் வாசல் கல்லிலேயே சொன்னோம். இன்று ஆட்டம் காட்ட முடியாது, சாவு விழுந்திருக்கிறது என்று. "செரி, தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிருவோம்" என்றான்.

கடைசியாக நின்ற கால் உன்னுடையது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால் தெரியும்.

கீழே ஹாஸ்டலில் எட்டு வரை படித்தேன். எழுத வரும். நீ தமிழ் தெரிந்தவள். தமிழ் தெரிந்தவளுக்கு அந்த மேளம் எப்படித் தெரியாமல் போனது?

மல்லிகா


நீலிவரைக்குடி
6 பிப்ரவரி 2025

நீதுவுக்கு,

நாளை மறுபடி ஜீப் இறங்குகிறது. அதனால் இன்னொன்று.

முகத்தைப் படம் எடுத்தேன் என்று எழுதியிருந்தாய். அன்று கோபத்தில் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். நேற்று மறுபடி படித்தேன்.

என்னிடம் அவன் படம் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் அவன் அப்பாவின் போனில். அவர் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய் வேறு வீடு வைத்துக்கொண்டார். போன் அவரோடு போயிற்று. அவரிடம் ஆள் அனுப்பினேன். அதை விற்றாயிற்று என்றார்.

மூக்கு எப்படி இருக்கும் என்று நேற்று யோசித்தேன். வரவில்லை. அவன் அக்காவைக் கேட்டேன். அவளுக்கும் வரவில்லை.

அந்தப் படத்தை அனுப்பு. காகிதத்தில் எடுத்து அனுப்பு. கண் மூடியிருந்தால் பரவாயில்லை.

மல்லிகா


குளத்தூர்
10 பிப்ரவரி 2025

மல்லிகா அக்காவுக்கு,

உங்கள் மூன்றாம் தேதிக் கடிதம் வந்தது. அடுக்களையில் நின்று படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா கேட்டாள், "எந்தாடி?" ஒன்றும் இல்லை என்றேன்.

எனக்குத் தெரியாது. இதை எத்தனை முறை எழுதினாலும் உங்களுக்குப் போதாது. ஆனாலும் தெரியாது. எங்கள் ஊரில் சாவென்றால் பெட்டி. பெட்டியைச் சுற்றி உறவுக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள், போட்டோக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொல்வார். பாட்டு உண்டு, மெதுவான பாட்டு. மேளம் கேட்டால் எங்களுக்குத் திருவிழா. இப்படித்தான் வளர்ந்தேன். இது என் குற்றமா?

சிபியைக் கேட்டேன். முதலில் தெரியாது என்றான். பிறகு சொன்னான். "வண்டி நெறய ஆளு. ஒரு வருசமாட்டு ஆட்டம் உண்டு ஆட்டம் உண்டுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தவங்க. அவங்க மொகத்தப் பாத்து எப்பிடி மக்கா சொல்லுவேன்? நம்ம ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்யல்லியே. ஆடத்தானே செஞ்சோம்." அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. மறுநாள் பேசினேன். மண்டபம் பேசி வைத்தாகிவிட்டது, அக்கா. கல்யாணத்தை நிறுத்தக் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொல்ல முடியாது.

என் கால் கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பின்னால் சிபியின் தங்கை ஆடிக்கொண்டிருந்தாள். நீங்கள் அந்தப் பக்கம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன். வீடியோவை எடுத்துவிட்டேன். என் போனில் இருந்ததையும் அழித்தேன். அழித்தவை போய்க் கிடக்கும் இடத்திலும் தேடி அழித்தேன். பாடகர் குழுவில் ஒவ்வொருவர் வீடாகப் போய், பக்கத்தில் நின்று, அவர்கள் போனிலும் அழிக்க வைத்தேன். ஈசாக் மாமாவுக்கு அழிக்கத் தெரியாது. நானே அழித்துக் கொடுத்தேன்.

முகத்தின் படத்தைக் கடைசியாக அழித்தேன். அதைப் பார்க்க முடியவில்லை. இமைகள். இரண்டு இரவு அது என்னைத் தூங்கவிடவில்லை. இப்போது கொஞ்சம் தூங்குகிறேன்.

இனி அந்த முகம் எங்கேயும் இல்லை. நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

உங்கள் தங்கை
நீது


குளத்தூர்
14 பிப்ரவரி 2025

அக்கா,

ஆறாம் தேதிக் கடிதம் இன்று வந்தது.

நான் அனுப்பியது இந்நேரம் மலை ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் கையில் கிடைக்காமல் போனால் நல்லது. கிடைத்திருந்தால், அதில் எழுதியிருப்பது உண்மை.

பாறசாலையில் ஒரு போன் கடைக்குப் போனேன். திருவனந்தபுரத்தில் இரண்டு கடை. போனைப் பிரித்துப் பார்த்தார்கள். "நல்லாவே அழிச்சிருக்கு, கேட்டோ" என்று ஒருவன் பாராட்டினான்.

ஒரே இடத்தில் இருக்கிறது. சிபியிடம். முழுப் படம் அவனிடமும் இல்லை. பயணம் முடிந்த வாரம் நான் அனுப்பியதை வைத்து விளம்பர வீடியோ ஒன்று செய்திருக்கிறான். அதில் மூன்று நான்கு நொடி அந்த முகம் வருகிறது. ஊரெல்லாம் நான் அழித்துக்கொண்டு நடந்தபோது அவன் இதை என்னிடம் சொல்லவில்லை.

கேட்டேன். தருவான். ஆனால் ஒன்று கேட்கிறான். நான் சொல்ல மாட்டேன் என்றேன். "நீ எழுது, அவங்க தீருமானிக்கட்டும், நீ யாரு நடுவுல" என்றான். அதனால் எழுதுகிறேன்.

மார்ச்சில் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு குழு வருகிறது. விளம்பரம் பார்த்து வருகிறவர்கள். அவர்களுக்கு அதே ஆட்டம் வேண்டும். அதே மாதிரி, நடுவில் பாயோடு. நீங்களும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஆடிக் காட்டினால் படத்தைக் காகிதத்தில் எடுத்து, லாமினேட் செய்து, கையில் கொண்டுவந்து தருவானாம்.

நான் அவனைத் திட்டினேன். அவன் சொன்னது: "அவங்க பிள்ளைக்காக ஒருக்க ஆடினாங்க. பிள்ளைட படத்துக்காக ஒருக்க ஆடட்டும். பாவமாட்டு என்ன கெடக்கு இதுல."

நீங்கள் முடியாது என்று எழுதினால் எனக்குப் புரியும். ஆனால் அக்கா, வேறு எங்கேயும் இல்லை. இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் அவனுடைய பயண வேலையை விட்டுவிட்டேன். புக்கிங் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு இது தெரிய வேண்டும் என்று தோன்றியது.

நீது


நீலிவரைக்குடி
24 பிப்ரவரி 2025

நீதுவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே ஜீப்பில் வந்தன. எதை முதலில் பிரிப்பது என்று தெரியவில்லை. நிம்மதி என்று எழுதியிருந்ததை முதலில் பிரித்தேன்.

தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தாய். நல்லது.

ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். உன் முதல் கடிதத்தில் சிரிப்பு இருந்தது, அதனால் சொல்ல மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். எங்கள் குடிக்கு ஒரே ஜீப். பொன்னனுக்குக் காய்ச்சல் ஏறிய மாலை அது இங்கே இல்லை. உங்களை ஏற்றுவதற்காக முந்தின நாளே கீழே போய்விட்டது. கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் திரும்பினோம்.

மறுநாள் நீங்கள் அந்த ஜீப்பில் ஜெபித்துக்கொண்டு ஏறினீர்கள்.

ராஜன் அழுதான். அவன்மேல் குற்றம் இல்லை. உன்மேலும் இல்லை என்று நீ எழுதுவாய். எழுத வேண்டாம்.

ஆட்டத்தை ஊரில் பேசினேன். மாமனார் என்னை அடிக்க வந்தார். செத்தவன் இல்லாமல் அதை ஆடினால் இன்னொருவனைக் கேட்கும் என்றார். பிறகு உனக்குக் காலடி சொல்லிக் கொடுத்தாளே, அந்தக் கிழவி சொன்னாள், "முகம் இல்லாத பிள்ளைக்கு வருசத் திதியில் யாரை நினைத்துச் சோறு வைப்பாள்? ஆடிக் கொடுப்போம்." மாமனார் வீட்டைவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். என்னோடு பேச மாட்டார்.

வைக்கோலில் ஒன்று கட்டியிருக்கிறேன். அவன் சட்டையைப் போட்டேன். கழற்றிவிட்டேன். வேறு துணி சுற்றினேன்.

வரச் சொல். படத்தை முதலில் காட்டச் சொல்.

மல்லிகா


குளத்தூர்
27 மார்ச் 2025

அக்கா,

ஆட்டம் நடந்தது என்று சிபி சொன்னான். படம் உங்கள் கையில் கிடைத்தது என்றும் சொன்னான். எனக்கு இருந்த பாரம் இறங்கியது. நான் அந்தக் காகிதத்தைப் பார்க்கவில்லை. பனச்சமூட்டு ஸ்டூடியோவில் அவனே எடுத்து அவனே கொண்டுவந்தான்.

வந்தவர்களுக்குப் பிடித்ததாம். ஒரு டீச்சர் அழுதுவிட்டாராம். சிபி ஒன்று கேட்கச் சொன்னான். நான் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்காவிட்டால் ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்கு வந்து அதையே சொல்கிறான். "பொம்ம மட்டும் செரியில்ல. வைக்கோல் வெளிய தெரியுது. ஒருத்தன் எனக்க காதுல சொன்னான், வீடியோல வேற பொம்ம உண்டுன்னு." கடையில் நல்ல பொம்மை கிடைக்கிறது, கண் மூடித் திறப்பது. வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்கிறான். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். நான் கேட்டாயிற்று.

ஜீப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த வரியை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு. அவளுக்கு இன்னும் அது பொம்மைதான். அவள் மட்டும்தான் அன்று சரியாகப் பார்த்தாள் என்பதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்றும் யாராவது சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லி அவளைச் சிரிக்க வைக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

ஈஸ்டர் கழிந்து கல்யாணம். அதன் பிறகு நான் பனச்சமூட்டு வீட்டில் இருப்பேன். அங்கே தபாலைப் பிரிப்பது மாமியார். அதனால் இனி எழுத வேண்டாம். நான் உங்களை மறக்க மாட்டேன். நான் அந்த வேலையில் இல்லை, அந்த மலைக்கு வர மாட்டேன், அந்த ஆட்டத்தை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டேன். என்னால் இவ்வளவுதான் முடியும்.

உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

நீது


நீலிவரைக்குடி
11 ஏப்ரல் 2025

நீதுவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். உன் கல்யாணத்துக்கு முன் கிடைத்துவிடும் என்று எழுதுகிறேன். இதுதான் கடைசி.

ஆட்டம் நடந்தது. நான் நடுவில் நின்றேன். வைக்கோல் முன்னால் கிடந்தது. கால்கள் ஒவ்வொன்றாக நின்றன. இந்த முறை யாரும் உள்ளே வரவில்லை, எல்லாரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதனால் ஆட்டம் தானாகவே நின்றது. நின்றால் தாய் அழலாம். அழுதேன். பொன்னன் போன பிறகு முதல் தடவை. நன்றாக அழுதேன், தரையில் விழுந்து.

உங்கள் ஆட்கள் அப்போதுதான் கைதட்டினார்கள்.

படத்தைச் சிபி கொடுத்தான். முதலில் காட்டச் சொல்லியிருந்தேன். ஆட்டம் முடிந்த பிறகுதான் பையிலிருந்து எடுத்தான். "இதுதான் உண்டு" என்றான். அவன்தான். மூக்கு அவன் அப்பாவுடையது. அதை மறந்துபோனதில் ஆச்சரியம் இல்லை.

நீ பார்க்கவில்லை என்றாய். சொல்கிறேன். விளம்பரத்தில் நீ ஆடும் படத்தை மேலே ஒட்டியிருக்கிறான், வாயில் பாதியை உன் சிவப்புக் குல்லா மறைக்கிறது. நெற்றியில் மஞ்சள் எழுத்தில் மலையாளம். அதன் கீழே ஒரு போன் நம்பர், ஒரு புருவத்திலிருந்து மறு புருவம் வரை.

கத்தியால் சுரண்டினேன். மேலே பிளாஸ்டிக். உள்ளே எட்டவில்லை.

இப்போது கண்ணை மூடினால் அவன் முகம் வருகிறது. நம்பரோடு வருகிறது. அது இல்லாமல் வருவதில்லை. அவன் அக்கா அதைப் பாட்டுபோல் சொல்லிக்கொண்டு விளையாடுகிறாள். அடிக்கக் கை எழுந்தது. அடிக்கவில்லை. அவளும் அந்த நெற்றியைத்தான் பார்க்கிறாள்.

போன வாரம் ராஜனோடு கீழே இறங்கினேன். ஜீப் நிற்கும் வளைவில் ரேஞ்ச் உண்டு. ராஜனின் போனை வாங்கி அந்த நம்பரைப் போட்டேன். சிபி எடுப்பான், இன்னொரு காகிதம் கேட்கலாம், எழுத்து இல்லாமல் எடுக்க முடியுமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். மழையில் "ஒன்ஸ் மோர்" என்று கத்திய அதே குரல். எனக்கு அது தப்பாது.

"ஹலோ, ஹில் ட்ரிப்பாணோ? எத்ர பேருண்டு?"

தமிழில் சொல்லுங்கள் என்றேன். நீ தமிழுக்கு மாறினாய்.

"எத்தன பேரு வாறீங்க, அக்கா?"

நான் ஒருத்தி, கூட ஒரு பிள்ளை என்றேன்.

"பிள்ளைக்கு எத்தன வயசாக்கும்?"

நாலு என்றேன்.

"அஞ்சுக்குக் கீழன்னா டிக்கெட் வேண்டாம். மடியில வச்சுக்கிடலாம்" என்றாய்.

மல்லிகா